வேலை ஒப்பந்தம்: வாசகர் கேள்வி

கேள்வி: சென்னையில் நான்கு வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். புது கம்பெனி ஒன்றிலிருந்து ஆஃபர் வந்திருக்கிறது. மாதம் 60,000 ரூபாய், அதில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 24,000. ஏழாவது பக்கத்தில், நான் விலகினால் 90 நாள் நோட்டீஸ், அவர்கள் என்னை அனுப்பினால் 30 நாள் என்று இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு முன்கூட்டியே விடுவிப்பது ‘நிறுவனத்தின் முழு விருப்பத்துக்கு உட்பட்டது’ என்றும் ஒரு வரி. வியாழக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். கேள்வி கேட்டால் ஆஃபரே போய்விடும் என்று அப்பா பயப்படுகிறார். என்ன செய்யட்டும்?
- வாசகி, மடிப்பாக்கம்

பதில்: அப்பாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் 19 வருடம் எச்.ஆர். வேலை பார்த்திருக்கிறேன். பணிவாக ஒரு திருத்தம் கேட்டதற்காக ஆஃபரைத் திரும்ப வாங்கியதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நாலு ரவுண்டு இன்டர்வியூ நடத்தி, சம்பளத்துக்கு மேலிடத்தில் ஒப்புதலும் வாங்கிய பிறகு, மறுபடி முதலிலிருந்து ஆள் தேட யாருக்கும் மனம் வராது. தைரியமாகக் கேளுங்கள்.

எதைக் கேட்பது என்பதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். ‘90-ஐ 30 ஆக்குங்கள்’ என்றால், ‘எல்லாருக்கும் இதுதான் பாலிசி’ என்று பதில் வரும், ஐ.டி. துறையில் அது பெரும்பாலும் உண்மையும்கூட. உங்களைக் கட்டிப்போடுவது அந்த 90 அல்ல, ‘முழு விருப்பம்’ என்கிற வரி. 2011-ல் நான் வேறு வேலைக்குக் கிளம்பியபோது, மீதி நாளுக்குப் பணம் கட்டிவிடுகிறேன் என்று மேலதிகாரி முன்னால் செக் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். வாங்க மாட்டேன் என்றுவிட்டார். பழைய கம்பெனி விடுவித்ததற்கான ரிலீவிங் லெட்டர் இல்லாமல் புது இடத்தில் சேர முடியாது. அவர்கள் ஆறு வாரம் பொறுத்தார்கள், அப்புறம் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் ஆறவில்லை.

அதனால் இப்படிக் கேளுங்கள்: ‘90 நாள் இருக்கட்டும். மீதமுள்ள நாட்களுக்குப் பேசிக் சம்பளத்தைச் செலுத்தி விலகும் உரிமை ஊழியருக்கு உண்டு என்று எழுதிக் கொடுங்கள்.’ ‘பேசிக்’ என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு பேசிக் கணக்கில் 72,000 ரூபாய். மொத்தச் சம்பளக் கணக்கில் 1,80,000. ஒரே சொல்லில் 1,08,000 ரூபாய் வித்தியாசம்! அதோடு, ப்ரொபேஷன் (தகுதிகாண் காலம்) முடியும்வரை இரண்டு பக்கமும் 30 நாள், அதன்பின் கம்பெனிக்கும் அதே 90 என்று கேட்பதும் நியாயம்தான்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். விருப்பமில்லாதவரை வேலை செய்தே தீர வேண்டும் என்று நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது. ஒப்பந்தத்தை மீறினாலும், 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி, எழுதியிருக்கும் தொகைக்கு மிகாத நியாயமான இழப்பீடுதான். அதற்காக, வெறும் காகிதம்தானே என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். சேர்ந்து மூன்று வருடம் முடியும் முன்பே விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றமே 2025 மே மாதம் தீர்ப்பளித்தது.

முதலில் எச்.ஆரிடம் போகாதீர்கள். உங்களைத் தேர்ந்தெடுத்த டீம் மேனேஜருக்குப் போன் செய்யுங்கள். ‘எவ்வளவு சீக்கிரம் சேர முடியும்?’ என்று உங்களிடம் கேட்டவர் அவர்தானே? நோட்டீஸ் நீளமாக இருந்தால் வரும் சிக்கலை அவரிடம் விளக்க வேண்டியதே இல்லை. அவர் சரி என்றதும், பேசியதையெல்லாம் எச்.ஆருக்கு மெயிலில் எழுதி, அவரையும் சிசியில் போடுங்கள். ‘அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் மேடம்’ என்று போனில் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சொன்னவர் நீங்கள் விலகும் நாளில் அங்கே இருப்பாரா? திருத்திய ஆஃபர் லெட்டரோ, கையெழுத்திட்ட இணைப்போ கைக்கு வர வேண்டும். அதற்கு நேரமாகும் என்றால், திங்கட்கிழமை வரை கெடு கேட்டு அதையும் மெயிலிலேயே வாங்குங்கள்.

எதற்குமே சம்மதிக்கவில்லை என்றால்? சம்பள உயர்வு நன்றாக இருந்தால் நான் சேரத்தான் சொல்வேன். ஆனால் முதல் வருடத்திலேயே குறைந்தது அந்த 72,000-ஐயாவது தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, புதுக் கடிதம் கைக்கு வரும்வரை இப்போதைய வேலையில் ராஜினாமா கொடுக்க வேண்டாம். அப்பாவிடமும் இதைச் சொல்லுங்கள், அவருக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.