வாசகர் கேள்வி பதில்: ஸ்லோவேனியாவுக்கு மட்டும் போய்வரலாமா?

கேள்வி: நானும் என் மனைவியும் அண்மையில் பணி ஓய்வு பெற்றோம். ஒன்பது நாளில் ஆறு நாடு காட்டும் சுற்றுப்பயணத்தில் போகும்படி பிள்ளைகள் சொல்கிறார்கள். மனைவிக்கோ ஸ்லோவேனியாவில் இருக்கும் பிளெட் ஏரியைப் பார்க்க வேண்டும் என்று நீண்ட நாள் ஆசை. அந்த ஒரு சின்ன நாட்டுக்காக அவ்வளவு தூரம் போகலாமா? இருவருக்கும் அங்கே கார் ஓட்டத் துணிவில்லை. மனைவிக்கு முழங்கால் வலியும் உண்டு.
வாசகர், தோ பாயோ

பதில்: ஐயா, அம்மா சொல்வதைக் கேளுங்கள். ஆறு நாட்டுப் பயணத்தில் பிளெட் ஏரிக்கு ஒரு மதியப் பொழுதுதான் கிடைக்கும். அதற்காக இத்தனை மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

சின்ன நாடுதான், ஆனால் நம் கணக்கில் சின்னதில்லை. பரப்பு 20,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். சிங்கப்பூரைப்போல இருபத்தேழு மடங்கு. அதில் ஏறத்தாழ 21 லட்சம் பேர்தான் வசிக்கிறார்கள். 1991-இல் யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்து தனி நாடானது. 2007 முதல் யூரோ நாணயம். நாட்டில் பாதிக்கு மேல் காடு. இங்கிருந்து நேரடி விமானம் இல்லை. இஸ்தான்புல் போன்ற ஊரில் மாறலாம். என்னைக் கேட்டால் வியன்னா வரை பறந்து, அங்கிருந்து பகல் ரயிலில் செம்மெரிங் மலைப்பாதை வழியாகத் தலைநகர் லுப்லியானாவுக்கு வருவேன். ஆறு மணி நேரம் ஆகும். 1854-இல் திறந்த பாதை. சன்னலை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது.

லுப்லியானாவில் பழைய நகரத்துக்குள் கார் கிடையாது. வயதானவர்களையும் நடக்கச் சிரமப்படுபவர்களையும் இலவசமாக ஏற்றிச் செல்ல 'கவலீர்' என்ற சிறு மின்வண்டிகள் ஓடுகின்றன, அம்மாவுக்கு உதவும். மலைமேல் இருக்கும் கோட்டைக்குக் கம்பிவட ரயில் உண்டு. ஆற்றங்கரைச் சந்தை, அருகருகே மூன்று பாலங்கள், தேசிய நூலகம் என்று நகரத்தின் முகத்தையே மாற்றியவர் யோஜெ பிளெச்னிக் என்ற ஒரே கட்டடக் கலைஞர். அவர் அங்கே செய்த பணிகளை 2021-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. மார்ச் நடுவிலிருந்து அக்டோபர் வரை வெள்ளிக்கிழமைகளில் மழை இல்லாவிட்டால் சந்தைத் திடலில் சமையல்காரர்கள் கடை போட்டுக் கண்ணெதிரே சமைப்பார்கள். உணவங்காடியில் வளர்ந்த நமக்கு அங்கே உடனே பசிக்கும்.

அப்புறம் பிளெட். ஏரியைச் சுற்றி ஆறு கிலோமீட்டர் பாதை, பெரும்பாலும் சமதளம். களைத்தால் உட்கார இருக்கைகள் உண்டு. அங்கே இரவு தங்குங்கள், அதுதான் முக்கியம். பகலில் வந்த பேருந்துகள் மாலையில் கிளம்பிப்போன பிறகுதான் அந்த ஏரி அதன் ஊர்க்காரர்களுக்குத் திரும்பக் கிடைக்கிறது. மறுநாள் பேருந்தில் போஹின் ஏரிக்குப் போங்கள். பிளெட்டைவிடப் பெரியது, கூட்டம் குறைவு, சுற்றிலும் திரிக்லாவ் தேசியப் பூங்காவின் மலைகள். என் கணவருக்கும் எனக்கும் பிளெட்டைவிட இதுதான் பிடித்தது.

கார் ஓட்டாததை ஒரு குறையாக நினைக்காதீர்கள். இந்த நாட்டில் நான் மிகவும் விரும்புவது ஒரு ரயில் பாதையைத்தான். ஆஸ்திரியப் பேரரசு 1906-இல் திறந்த பாதை அது. யெசெனித்செ ஊரில் தொடங்கி, பிளெட் ஏரிக்கு மேலே இருக்கும் 'பிளெட் யெசெரோ' நிலையம் வழியாக இத்தாலிய எல்லையில் உள்ள நோவா கோரித்சா வரை போகிறது. (பிளெட் பெயரில் இரண்டு நிலையங்கள் உள்ளன. 'லெஸ்செ-பிளெட்' லுப்லியானா பாதையில் இருப்பது. இந்த ரயிலுக்கு அங்கே போய் நிற்காதீர்கள்.) போஹின்ஸ்கா பிஸ்த்ரித்சாவைத் தாண்டியதும் ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் சுரங்கப்பாதை வரும். இந்தப் பக்கம் பெய்யும் மழை டான்யூப் வழியாகக் கருங்கடலுக்குப் போகிறது. வெளியே வந்ததும் அந்தப் பக்கத்து ஓடைகள் எல்லாம் சோச்சா ஆற்றில் கலந்து ஏட்ரியாட்டிக் கடலுக்குப் போகின்றன. கொஞ்ச நேரத்தில் சோச்சா வலப்பக்கம் வந்துவிடும். அந்த ஆற்றின் பச்சையைப் படத்தில் பார்ப்பவர்கள் வண்ணம் கூட்டியிருப்பதாக நினைப்பார்கள். கூட்டவில்லை, நேரில் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது.

நோவா கோரித்சாவுக்குச் சற்று முன்னால் சோல்கான் பாலம். அதன் கல் வளைவு 85 மீட்டர். ரயில் பாலங்களில் இதைவிட நீளமான கல் வளைவு உலகில் இல்லை. ரயிலுக்குள் இருந்தால் வளைவு தெரியாது. இறங்கியபின் டாக்சி பிடித்து ஆற்றங்கரைக்குப் போய்ப் பாருங்கள். நிலையத்து வாசலில் இருக்கும் சதுக்கத்தில் பாதி ஸ்லோவேனியா, பாதி இத்தாலி. குறுக்கே இருந்த வேலியை 2004-இல் எடுத்துவிட்டார்கள். இருவரும் ஆளுக்கொரு நாட்டில் நின்று கைகோத்துக்கொள்ளலாம். நாங்கள் அப்படி நின்றபோது, பக்கத்தில் இருந்த பாட்டி ஒருவர் தானாகவே எங்கள் கைப்பேசியை வாங்கிப் படம் எடுத்துக் கொடுத்தார்.

ஒரு விஷயம். நம் எம்ஆர்டிபோல இந்த ரயில் சில நிமிடங்களுக்கு ஒன்று வராது. ஒன்றை விட்டால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நேர அட்டவணையை முதல்நாளே குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நாள் ஒதுக்க முடிந்தால் வழியில் மோஸ்ட் நா சோச்சியில் இறங்கிப் பேருந்தில் கோபாரிட் போங்கள். முதல் உலகப் போரில், 1915 முதல் 1917 வரை இத்தாலியப் படையும் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையும் இந்த அழகான ஆற்றை ஒட்டிய மலைகளில் பன்னிரண்டு முறை மோதின. ஊருக்கு மேலே 7,000-க்கும் மேற்பட்ட இத்தாலிய வீரர்களின் எச்சங்கள் வைத்த நினைவிடம் இருக்கிறது. நம் கிராஞ்சிப் போர் நினைவிடத்தில் கல்லறை வரிசைகளுக்கு நடுவே நடந்தவர்களுக்கு அங்கே நிற்கும்போது என்ன தோன்றும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் இருக்கும் அருங்காட்சியகத்தையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நான் சிங்கப்பூர் நிரந்தரவாசி, இந்தியக் கடப்பிதழ். கணவர் குடிமகன். இருவருக்கும் விசா வேண்டுமா?
வாசகி, ஈசூன்

பதில்: அவருக்கு வேண்டாம், 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். உங்களுக்கு ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது) வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே கொடுக்கலாம். கடைசி நேரத்துக்குத் தள்ளாதீர்கள். மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க நேருமா?
வாசகி, சிராங்கூன்

பதில்: நேராது. ஆனால் கேட்டுச் சாப்பிடுங்கள் அக்கா. பக்வீட் மாவில் கிண்டும் 'ஷ்கான்சி' கிட்டத்தட்ட நம் கேழ்வரகுக் களிதான். மேலே பன்றிக் கொழுப்புத் துணுக்குகளைத் தூவித் தருவது வழக்கம். வேண்டாம் என்று சொல்லி, கூடவே புளித்த பால் கேளுங்கள், அருமையாக இருக்கும். பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டி வேகவைக்கும் 'ஷ்ட்ருக்லி'யில் உப்புச் சுவையும் உண்டு, இனிப்பும் உண்டு. உருளைக்கிழங்கு அடைத்த இத்ரியா கொழுக்கட்டைகள் சைவம்போலத் தெரியும், ஆனால் உள்ளே கொழுப்பு சேர்ப்பார்கள். பீன்ஸும் புளித்த முட்டைக்கோசும் போட்ட 'யோத்தா' சூப்பும் அப்படியே. பல கடைகளில் பன்றி இறைச்சி சேர்ந்திருக்கும். முட்டை சேர்க்காதவர்கள் பிளெட்டின் புகழ்பெற்ற கிரீம் கேக்கையும் விட்டுவிட வேண்டும்.

தண்ணீர் வாங்கக் காசு செலவழிக்காதீர்கள். குழாய் நீரையே குடிக்கலாம். குடிநீர் மக்களின் உரிமை என்று 2016-இல் அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதிவைத்த நாடு அது. அதற்காகவே எனக்கு அவர்கள்மேல் தனி மரியாதை.

கேள்வி: போஸ்தோய்னா, ஷ்கோட்சியான், எந்தக் குகைக்குப் போவது?
வாசகர், பொங்கோல்

பதில்: கால் நன்றாக இருந்தால் ஷ்கோட்சியான். 500-க்கும் மேற்பட்ட படிகள். ஆனால் பூமிக்கு அடியில் பாதாளத்தில் ஓடும் ஆற்றை, மிக உயரத்தில் இருக்கும் ஒரு பாலத்திலிருந்து குனிந்து பார்ப்பது ஆயுசுக்கும் மறக்காது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் போஸ்தோய்னா. பெரும்பகுதி தூரம் குட்டி ரயிலிலேயே போய்விடலாம். அங்கே 'ஓல்ம்' என்ற கண் தெரியாத நீர்ப்பிராணியைக் காட்டுவார்கள். ஆண்டுக்கணக்கில் உணவில்லாமல் உயிர்வாழும். 2016-இல் அந்தக் குகையில் அதன் முட்டைகள் பொரிந்தபோது நாடே கொண்டாடியது. இரண்டு குகைகளிலும் எப்போதும் பத்துப் பன்னிரண்டு டிகிரிதான், குளிர்சட்டை கட்டாயம்.

கேள்வி: டிசம்பர் பள்ளி விடுமுறையில் போகலாமா?
வாசகி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: லுப்லியானாவின் விளக்கு அலங்காரத்துக்காகவும் பனிக்காகவும் என்றால் போங்கள், போஸ்தோய்னா அப்போதும் திறந்திருக்கும். ஆனால் மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும், உயர்ந்த மலைப்பாதைகள் பனியால் மூடியிருக்கும். ஆறும் மலையும்தான் வேண்டும் என்றால் ஜூன் விடுமுறைக்கு இப்போதே இடம் பதிவு செய்யுங்கள். போஹினில் தங்குமிடங்கள் குறைவு, முதலில் அதைப் பிடியுங்கள்.