எலக்ட்ரிக் கிதாருக்கு எந்தக் கம்பி நல்ல ஒலி தரும், எது நீண்ட நாள் உழைக்கும்?

எலக்ட்ரிக் கிதாரின் பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய கம்பிச்சுருளும்தான். மேலே கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறி மின்சாரம் பிறக்கிறது. ஆகவே காந்தம் ஈர்க்கும் உலோகம் தேவை. மின்சாரம் இல்லாமல் ஒலிக்கும் அக்கூஸ்டிக் கிதாரின், மேலே வெண்கல இழை சுற்றிய கம்பிகள் இதில் சத்தம் குறைந்து கேட்பது அதனால்தான்.

முதல் முறை வாங்குபவர்கள் நிக்கல் பூசிய எஃகை எடுத்தால் போதும். பெரும்பாலோர் வாசிப்பது அதைத்தான். தூய நிக்கல் சற்று மென்மையாக ஒலிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பளிச்சென்று ஒலிக்கும், துருவும் எளிதில் பிடிக்காது, ஆனால் கிதாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளைச் சீக்கிரம் தேய்க்கும். இந்த வேறுபாடெல்லாம் மேலே உலோக இழை சுற்றிய மூன்று தடித்த கம்பிகளில்தான். மெல்லிய மூன்றும் பெரும்பாலான செட்களில் வெறும் எஃகே. பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்து இதை மறந்துவிடுகிறோம்.

அப்புறம் ஆயுள். சீப்பின் பற்களுக்கிடையே அழுக்கு அடைவதுபோல, சுற்றுகளின் இடுக்கில் வியர்வையும் தோல் துகளும் சேரும். அதிர்வு மந்தமாகும், ஒலி மங்கும். மேலே மெல்லிய பூச்சு உள்ள கம்பிகள் இதைத் தள்ளிப்போடும். விலை அதிகம், ஆனால் கை அதிகம் வியர்ப்பவர்களுக்கு அது வீண்செலவல்ல. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைப்பது எந்தக் கம்பிக்கும் நல்லது.

தடித்த கம்பி போட்டால்தான் கனமான ஒலி வரும் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் ZZ டாப் ராக் குழுவின் கிதார் கலைஞர் பில்லி கிப்பன்ஸ், 0.007 அங்குலத்தில் தொடங்கும் மிக மெல்லிய கம்பிகளில்தான் தன் கனத்த ஒலியை எடுக்கிறார்.