வயதானவர்களுக்கு வாசனை தெரியாமல் போவது மூளைச் செல்கள் சாவதாலா?

எழுபது வயதான அம்மாவுக்குக் குழம்பு அடிபிடித்தால்கூடத் தெரிவதில்லை, மூளைச் செல்கள் அழிய ஆரம்பித்துவிட்டனவா என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள். கோளாறு பெரும்பாலும் மூக்கிலேயே தொடங்குகிறது. மூளைக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் நாம் நினைக்கிற மாதிரி அல்ல.

நான் டாக்டர் இல்லை. யாங்கூன் தெயின்ஜி சந்தையில் எங்களுக்கு மசாலாக் கடை, மூக்கை வைத்துத்தான் பிழைப்பு. பெரியப்பாவுக்கு இந்தத் தொல்லை வந்த பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

மூக்கின் மேல்கூரையில் ஒரு சின்ன இடத்தில் வாசனையைப் பிடிக்கிற செல்கள் இருக்கின்றன. அவற்றில் வாசனையைப் பற்றிக்கொள்ளும் வாங்கிகள் ஏறக்குறைய 400 வகை (இவற்றின் மரபணுக்களை 1991இல் கண்டுபிடித்ததற்குத்தான் ரிச்சர்ட் ஆக்சலுக்கும் லிண்டா பக்குக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது). அந்தச் செல்கள் அசல் நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள், ஆனால் தூசி, புகை, கிருமி எல்லாம் நேராக வந்து மோதுகிற இடத்தில் இருப்பதால் சீக்கிரம் கெட்டுப்போகும். அதனால் உடம்பு ஓரிரு மாதங்களுக்கு ஒருமுறை பழையதைக் கழித்துப் புதியதை வளர்த்துக்கொண்டே இருக்கிறது. வயது ஏற ஏற அந்த வேகம் குறைந்து, வாசனை அறியும் சவ்வு இருந்த இடத்தில் திட்டுத் திட்டாகச் சாதாரண மூச்சுச் சவ்வு வந்து உட்கார்ந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, நரம்பிழைகள் மூளைக்கு ஏறிப் போகிற எலும்புத் துளைகளும் பலருக்கு வயதோடு குறுகிவிடுகின்றன.

அந்த இழைகள் போய்ச் சேரும் முகர்வுக் குமிழ் மூளையின் பகுதி. அங்கே கதை வேறு. எலிகளுக்கு அங்கே வாழ்நாள் முழுக்கப் புது நியூரான் வந்து சேரும். மனிதர்களுக்கு அப்படி இல்லை என்று 2012இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன், செல் பிறந்தபோது காற்றில் இருந்த அளவுக்கு அதன் டி.என்.ஏ.வில் பதிந்துவிடும். அதை அளந்து பார்த்தால், குமிழில் உள்ள நியூரான்களுக்கு அந்த மனிதரின் வயதேதான்! மூக்கில் இருப்பது போன மாதம் பிறந்தது, அதற்குச் சற்று மேலே இருப்பது நம்மோடு பிறந்தது.

சரி, மற்ற மூளைச் செல்கள்? தினமும் ஆயிரக்கணக்கில் செத்து விழுகின்றன என்று பேஸ்புக்கில் சுற்றுவதை நம்பாதீர்கள். நோயில்லாத முதுமையில் சுமார் 8,600 கோடி நியூரான்களில் பெரும்பாலானவை கடைசிவரை இருக்கும். கிளைகளும் ஒன்றையொன்று தொடும் இணைப்புகளும்தான் குறைகின்றன, அதனால்தான் மூளை கொஞ்சம் சுருங்குகிறது.

உங்கள் அம்மா தனி ஆள் இல்லை. 1984இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் 65 முதல் 80 வயதுக்காரர்களில் பாதிக்கு மேலானவர்களுக்கும், 80ஐத் தாண்டியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கும் மோப்பம் வெகுவாகக் குறைந்திருந்தது. சிக்கல் என்னவென்றால், இது மெல்ல மெல்ல நடப்பதால் அவர்களுக்கே தெரியாது. எங்கள் பெரியப்பாவிடம் சொன்னால் சண்டைக்கு வருவார். மிளகாய்த்தூள் மூட்டையைப் பிரித்ததும் தும்முகிறாராம், அப்போது மூக்குக்கு என்ன குறை என்பார். மிளகாய்க் காரமும் அம்மோனியா நெடியும் மோப்ப நரம்பு வழியாகப் போவதில்லை, முகத்தில் எரிச்சலை உணர்த்தும் வேறொரு நரம்பு (டிரைஜெமினல்) வழியாகப் போகின்றன, அது வயதானாலும் ஓரளவு வேலை செய்யும். அதே மனுஷன் பழைய மல்லிக்கும் புது மல்லிக்கும் வித்தியாசம் சொல்ல முடியாமல் நிற்கிறார். வீட்டில் ஙாப்பி (பர்மாவின் புளித்த மீன், இறால் விழுது) தாளித்தால் தெருமுனை வரைக்கும் மணக்கும், இவர் சாப்பிட உட்கார்ந்து தட்டைப் பார்த்த பிறகுதான் ஓ ஙாப்பியா என்கிறார். ஆகவே அம்மாவைச் சோதிப்பதானால் மிளகாய், தைலம் எதுவும் வேண்டாம். கண்ணை மூடச் சொல்லி காப்பித்தூள், சோம்பு, எலுமிச்சைத் தோல் என்று ஒவ்வொன்றாக நீட்டுங்கள்.

இன்னொன்று, சாப்பாட்டு ருசியில் பெரும்பகுதி மூக்கின் வேலை. சப்பென்று இருக்கிறது என்று உப்பை அள்ளிப் போடுவார்கள், ரத்த அழுத்தம் இருந்தால் கவனியுங்கள். கேஸ் கசிவும் கெட்டுப்போன மீனும்தான் உண்மையான ஆபத்து. சிலிண்டரை மூடும் பொறுப்பை வேறொருவர் எடுத்துக்கொள்வது நல்லது.

அல்சைமர், பார்கின்சன் நோய்களில் வாசனை முதலிலேயே குறைவது உண்மைதான், ஆனால் வாசனை குறைந்த எல்லாருக்கும் அந்த நோய் வருவதில்லை. திடீரென்று போனால், ஒரு பக்க மூக்கில் மட்டும் போனால், கூடவே கை நடுக்கமோ, நடை தளர்வோ, புதிதாக மறதியோ, தூக்கத்தில் கத்தி கை கால் வீசுவதோ இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

பயிற்சியும் ஒன்று இருக்கிறது. ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹும்மல் குழு 2009இல் சோதித்தது. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு, இந்த நான்கையும் காலையும் மாலையும் கவனமாக முகர வேண்டும், 12 வாரம். முழுசாகத் திரும்பாது, சிலருக்குக் கொஞ்சம் முன்னேற்றம் தெரியும், செலவும் இல்லை. பெரியப்பா நாலு நாள் செய்துவிட்டு, கிராம்பை வாயில் போட்டு மென்றுவிட்டார், அது வேறு விஷயம்.

அதற்கு முன்னால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். மூக்கில் சதை வளர்ந்திருந்தாலும், சில மாத்திரைகளாலும் வாசனை போகும், அதைச் சரிசெய்ய வழி உண்டு. போகும்போது அம்மா சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.