பேரனின் கட்டிலைச் சுற்றி நின்றவர்கள்

அன்புள்ள ஐயா,

அரூர் பக்கம் எங்கள் ஊர். பேரனுக்கு இரண்டு வயது. பிறந்ததிலிருந்து ஒண்ணுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் போவான். அடிக்கடி காய்ச்சல். மூத்திரக்குழாயில் பிறவியிலேயே சவ்வு அடைத்திருக்கிறது என்றார்கள். வெளியூர் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் சிறுநீரகவியல் பேராசிரியர் ஒருவர் சரிசெய்தார். கைராசிக்காரர். ஆனால் தினமும் பத்துப் பதினைந்து மாணவர்களைக் கட்டிலைச் சுற்றி நிறுத்தி அரைமணி நேரம் பாடம் எடுப்பார். துணியில்லாமல் கிடக்கும் பிள்ளை அழும். அந்த நேரத்தில் இன்னொரு குழந்தைக்கு ஆபரேஷன் செய்யலாமே? எல்லாம் முடிந்த பிறகும் வருஷாவருஷம் வரச் சொல்கிறார். எதற்கு?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள ஐயா,

பேரன் தேறியதில் மகிழ்ச்சி. துணி விஷயத்தில் நான் உங்கள் பக்கம்தான். இரண்டு வயதானாலும் அவன் மானம் மானம்தான். தாயிடம் ஒரு வார்த்தை கேட்டு, போர்த்திவிட்டுப் பேசியிருக்கலாம்.

பாடம் எடுத்ததை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எம்.பி.பி.எஸ். ஹவுஸ் சர்ஜனோடு ஐந்தரை வருஷம், அறுவை சிகிச்சை மேற்படிப்பான எம்.எஸ். மூன்று, அதற்கும் மேலே தனித்துறைப் படிப்பான எம்.சிஎச். மூன்று. முப்பது வயதை ஒட்டித்தான் அவர் தனியாகக் கத்தியே பிடித்திருப்பார். அந்தக் கை ஒரு நாளில் எத்தனை குழந்தைகளைத் தொட்டுவிடும்?

உங்கள் பேரனுக்கு இருந்ததை போஸ்டீரியர் யூரெத்ரல் வால்வு என்பார்கள். ஆண் குழந்தைகளுக்கு மட்டுமே வருவது. 1919-லேயே அமெரிக்க மருத்துவர் ஹியூ ஹாம்ப்டன் யங் இதை வகை பிரித்து எழுதிவிட்டார். இன்று மூத்திரக்குழாய் வழியாகக் கருவியை விட்டு, வயிற்றைக் கிழிக்காமலே சவ்வை அறுத்துவிடுகிறார்கள். ஆபரேஷனைவிடக் கடினம், நேரத்தில் கண்டுபிடிப்பதுதான். அடைப்பை மீறித் தள்ளித் தள்ளிச் சிறுநீர்ப்பை தடிக்கும், சிறுநீர் மேலேறிச் சிறுநீரகம் வீங்கும். கர்ப்ப கால ஸ்கேனில் சில சமயம் தெரியும். தெரியாமல் போனால், "பையன் பீச்சி அடிக்கிறானா, சொட்டுகிறதா?" என்று கேட்கும் ஒரு டாக்டர் வேண்டும். உங்கள் வீட்டில் அதை யாரும் கேட்காமலே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. எனக்கு ஆறாத வருத்தம் அதில்தான்.

தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2008-ல் வந்தது, கிருஷ்ணகிரியில் 2022-ல் திறந்தார்கள். இப்படிப் படித்து வருகிறவர்கள்தான் பென்னாகரத்துக்கும் அஞ்செட்டிக்கும் டியூட்டிக்குப் போகிறார்கள். கட்டிலைச் சுற்றி நின்ற பதினைந்து பேரில் இருவராவது தடுப்பூசிக்கு வரும் தாயிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால், அந்த அரைமணி நேரம் வீண் இல்லை.

வருஷாவருஷம் வரச் சொல்வதற்கும் காரணம் உண்டு. சவ்வு போனாலும் தடித்த பை உடனே பழையபடி ஆகாது. சிலருக்கு வளர வளர, வாலிப வயதில்கூடச் சிறுநீரகம் தளரும். அதனால் ரத்த அழுத்தம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), ஸ்கேன் எல்லாம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நன்றாக விளையாடுகிறானே என்று தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். அவன் காலேஜ் போகிற வயதிலும் அது வேண்டியிருக்கும்.