தாமதமாக விசுவாசத்துக்கு வந்த தகப்பனும் குடும்ப ஜெபமும்

கேள்வி: நான் 38 வயதில்தான் இரட்சிக்கப்பட்டேன். அதுவரை பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுத்ததும் குடும்ப ஜெபத்தை நடத்தியதும் என் மனைவிதான். ‘தகப்பனே வீட்டின் ஆசாரியன்’ என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டது முதல், ஆறு மாதமாக நானே நடத்துகிறேன். 16 வயது மகன் முகங்கொடுப்பதில்லை. சென்ற வாரம் நான் கடிந்துகொண்டபோது, “உங்களுக்கே இப்போதுதானே தெரியும்” என்று சொல்லி எழுந்து போய்விட்டான். பிள்ளைகளை அடக்காததால் நியாயந்தீர்க்கப்பட்ட பழைய ஏற்பாட்டு ஆசாரியன் ஏலியின் வீட்டைப்போல என் வீடும் ஆகிவிடுமோ என்று அஞ்சுகிறேன். அவனைக் கட்டாயப்படுத்தி உட்காரவைக்க வேண்டுமா?

பதில்: அன்புள்ள சகோதரரே, முதலில் ஏலியைப் பற்றிய அச்சத்தை விட்டுவிடுங்கள். ஏலியின் குமாரர் வளர்ந்த ஆண்கள். ஆசாரியர்களாக இருந்துகொண்டே காணிக்கையைப் பறித்தவர்கள். அதை அறிந்திருந்தும் அடக்காததே அவன் மேல் வந்த குற்றச்சாட்டு. ஜெபத்தில் சலித்துக்கொள்ளும் 16 வயதுப் பையனை அவர்களோடு ஒப்பிடுவது நியாயமாகாது.

‘ஆசாரியன்’ என்ற சொல்லையும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். யோபு தன் பிள்ளைகளுக்காக அதிகாலையில் எழுந்து பலி செலுத்தினான் என்பது உண்மையே. ஆனால் புதிய ஏற்பாடு அந்தப் பட்டத்தைத் தகப்பனுக்கு மட்டும் எங்கும் தரவில்லை. 1 பேதுரு 2:9 விசுவாசிகள் அனைவரையுமே ஆசாரியக்கூட்டம் என்கிறது. உங்கள் மனைவியும் அதில் அடக்கம். பவுலின் உடன் ஊழியனான தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன் என்று மட்டும் சொல்லும் வேதம், தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்து தொடங்கிப் பேசுகிறது. இத்தனை ஆண்டுகள் உங்கள் மனைவி தனியாகச் சுமந்த பொறுப்பை, ஒரு நன்றிகூடச் சொல்லாமல் கையிலிருந்து வாங்கிக்கொண்டீர்களோ என்று உங்கள் கடிதத்தைப் படிக்கையில் எனக்குத் தோன்றியது. அப்படியானால், பிள்ளைகள் முன்பாகவே அந்த நன்றியைச் சொல்லிவிட்டு, இருவருமாக நடத்துங்கள்.

பவுல் தகப்பன்மாருக்கு எழுதிய இரண்டு இடங்களிலும் கோபப்படுத்தாதிருக்கும்படியான எச்சரிப்பு வருகிறது என்பதைக் கவனியுங்கள். எபேசியர் 6:4 அந்த எச்சரிப்புக்குப் பிறகே ‘கர்த்தருக்கேற்ற சிட்சையிலும் போதனையிலும்’ வளர்க்கச் சொல்கிறது; கொலோசெயர் 3:21 பிள்ளைகள் மனந்தளர்ந்துபோகக் கூடாது என்று காரணத்தையும் சேர்க்கிறது.

இனி மகன் சொன்னதற்கு வருவோம். அந்தச் சொல் உங்களைப் புண்படுத்தியிருக்கும். ஆனாலும் அது பொய்யல்ல. அதற்குள் ஒரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. உபாகமம் 6-ஆம் அதிகாரத்தில், வார்த்தைகள் முதலில் தகப்பனுடைய இருதயத்தில் இருக்க வேண்டும் என்றும், வீட்டில் உட்காரும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்போதும் அவற்றைப் பற்றிப் பேச வேண்டும் என்றும் சொல்லப்படுகிறது. பிறகு, மகன் ஒருநாள் ‘இந்தக் கட்டளைகள் என்ன?’ என்று கேட்பான் என்பதும் முன்கூட்டியே கணக்கில் எடுக்கப்படுகிறது. அப்போது தகப்பன் சொல்ல வேண்டிய விடை ‘நாங்கள் எகிப்திலே பார்வோனுக்கு அடிமைகளாயிருந்தோம்’ என்று தொடங்குகிறது. கட்டளைக்கு விளக்கம் கேட்ட மகனுக்கு, தகப்பன் தன் விடுதலையின் கதையைச் சொல்கிறான்.

உங்களிடம் அப்படியொரு கதை இருக்கிறது. 38 வயதுவரை நீங்கள் எப்படி இருந்தீர்கள், எது உங்களைத் திருப்பியது, இன்னும் எதில் தடுமாறுகிறீர்கள் என்பதை அவனிடம் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லாமலே போதிக்கத் தொடங்கியிருந்தால், பழைய தகப்பனை நன்றாக நினைவில் வைத்திருக்கும் பிள்ளைக்கு அது வேஷமாகத்தான் படும். தனியாக அழைத்து, “நீ சொன்னது சரிதான், எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது, அன்று உன்னைக் கடிந்தவிதம் தவறு, மன்னித்துவிடு” என்று சொல்லுங்கள். எழுந்து போனது மரியாதைக்குறைவு என்பதை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம். மன்னிப்போடு அதைச் சேர்த்தால் மன்னிப்பு கெட்டுவிடும்.

ஜெபம் பத்து நிமிடம் போதும். திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1529-இல் குடும்பத் தலைவர்கள் வீட்டாருக்குக் கற்பிப்பதற்கென எழுதிய சிறிய ஞானோபதேசத்தில்கூட, ‘இதன் அர்த்தம் என்ன?’ என்ற கேள்வியும் சில வரி விடையும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரு சிறு பகுதியை வாசித்து, பிள்ளைகளைக் கேள்வி கேட்கவிடுங்கள். விடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, மறுநாள் தேடிக்கொண்டு வாருங்கள்.

கட்டாயப்படுத்த வேண்டுமா என்று கேட்டீர்கள். அந்தப் பத்து நிமிடம் எல்லோரும் சேர்ந்து உட்காருவது வீட்டின் வழக்கம் என்று அவனிடம் சொல்லலாம். வாய்திறந்து ஜெபிக்கும்படி மட்டும் சில மாதங்களுக்கு அவனைக் கேட்காதீர்கள்.