எந்தச் சரவணமுத்து?

அன்புள்ள ஐயா,

மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் 'எங்கள் ஊர்ப் பெரியார்' என்று ஒரு கட்டுரை. 'மோகனாங்கி' நாவலை எழுதிய எங்கள் திருகோணமலைச் சரவணமுத்துப்பிள்ளையை எடுத்திருக்கிறான். போனில் தேடினால் கிரிக்கெட் மைதானம் வருகிறது, கொழும்பு மேயர் வருகிறார், பினாங்கில் ஒரு பத்திரிகை ஆசிரியர் வருகிறார். எல்லாரும் ஒரே குடும்பமா? மைதானத்துக்கு எங்கள் ஊர்க்காரரின் பெயரைத்தான் வைத்தார்கள் என்று அவன் எழுதியும் விட்டான்.

வாசகி, உப்புவெளி

அன்புள்ள தங்கச்சி,

முதலில் அந்த மைதான வரியை வெட்டச் சொல்லுங்கள். கொழும்பு பி. சரா ஓவலின் 'சரா', பாக்கியசோதி சரவணமுத்து. இலங்கைக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபையின் முதல் தலைவர். 1982இல் இலங்கை தன் முதலாவது டெஸ்டை இங்கிலாந்தோடு ஆடியதும், 1985இல் இந்தியாவை வென்று முதல் டெஸ்ட் வெற்றியைக் கண்டதும் அந்தத் தரையில்தான். மேயர் அவருடைய சகோதரர் இரத்தினசோதி, தொழிலால் டொக்டர், 1937இல் மேயரானவர். பினாங்குக்காரர் இன்னொரு சகோதரர், மாணிக்கசோதி. 1941 டிசம்பரில் ஆங்கிலேயர் தீவை விட்டுப் போனபின், ஜப்பானியரின் குண்டுவீச்சு நிற்கட்டும் என்று கோட்டையில் பறந்த யூனியன் ஜாக் கொடியை இறக்கியவர். எனக்கு இந்த மூவரிலும் பிடித்தவர் இவர்தான்.

மூன்று பேருக்கும் சொந்தப் பெயரில் 'சோதி' இருக்கிறது, கவனித்தீர்களா? சரவணமுத்து அவர்களின் தகப்பன் பெயர். இங்கிலீசுக்காரன் வழக்கப்படி அது கடைசியில் போய்க் குடும்பப் பெயராக உட்கார்ந்துவிட்டது. போதாக்குறைக்கு, இந்தக் காலத்தில் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற ஆய்வு அமைப்பை நடத்துகிற இன்னொருவரும் பாக்கியசோதி சரவணமுத்து. முழுப்பெயரே ஒன்று!

எங்கள் ஆளுக்கோ சரவணமுத்து தகப்பன் தந்த பெயர், தகப்பனின் பெயர் அல்ல. 1895இல் 'மோகனாங்கி' வந்தது, தஞ்சை, மதுரை நாயக்கர் காலத்துக் கதை. அதற்கு முன்பே 'தத்தைவிடு தூது' என்று கிளியைத் தூதுவிட்டுப் பெண்ணின் அடிமைத்தனத்தைப் பேசியவர். மகனின் கட்டுரையில் இதற்குத்தான் இடம் வேண்டும்.

ஒரே குடும்பமா என்றால், பெயரை மட்டும் வைத்துச் சொல்ல ஏலாது. முருகன் கோயில் இருக்கிற ஊரெல்லாம் ஒரு சரவணமுத்து இருந்திருப்பார்.

போன மாதம் கிளினிக்கில் நேர்ஸ் பிள்ளை "கோணேஸ்வரன்" என்று கூப்பிட, நாங்கள் நாலு பேர் எழும்பினோம். இந்த ஊரில் வேறென்ன நடக்கும்? "அப்பாட பேர் என்ன?" என்று கேட்டா. இரண்டு பேர் இருந்துவிட்டார்கள். மிச்ச இரண்டு பேரின் தகப்பன்மாருக்கும் ஒரே பெயர்! "சரி ஐயா, நிலாவெளியா, சாம்பல்தீவா?" அப்போதுதான் என் கார்ட் என் கைக்கு வந்தது.

அந்தப் பிள்ளை கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில்தான் சரவணமுத்துப்பிள்ளையின் பெயருக்கு முன்னால் வரும் 'தி. த.' என்ற இரண்டு எழுத்து. ஊர் திருகோணமலை, தகப்பன் தம்பிமுத்துப்பிள்ளை. அதிலும் ஒரு சிக்கல்: அவருடைய சகோதரர், தமிழறிஞர் கனகசுந்தரம்பிள்ளைக்கும் அதே தி. த. தான்.

ஆகையால் மகன் சுருக்காமல் திருகோணமலை தம்பிமுத்துப்பிள்ளை சரவணமுத்துப்பிள்ளை என்றே தலைப்புப் போடட்டும். கொப்பியில் ஒரு வரிக்குள் அடங்காது, இரண்டு வரி எடுக்கட்டும்.