ஸ்ட்ரைக்கர் மோதியதும் நின்றுவிடுமா?

கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கர் காயை அடித்ததும் நின்றுவிடும், காய் 6 மீ/வி வேகத்தில் ஓடும் என்று நீங்கள் விடை எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஸ்ட்ரைக்கர் நிற்காது. 15 கிராம் ஸ்ட்ரைக்கர் 2 மீ/வி வேகத்தில் வந்து, அசையாமல் இருக்கும் 5 கிராம் காயை நேராக அடித்தால், மீட்சி மோதலில் (இயக்க ஆற்றல் இழப்பே இல்லாத மோதலில்) காய் 3 மீ/வி வேகத்தில் ஓடும். ஸ்ட்ரைக்கர் அதே திசையில் 1 மீ/வி வேகத்தில் தொடர்ந்து செல்லும். நீங்கள் குறிப்பிட்டுள்ள 6 மீ/வி கிடைக்க வழியில்லை.

காயும் காயும் மோதும்போது அடித்த காய் நின்று மற்றது ஓடுவதைப் பார்த்த பழக்கத்தில், ஸ்ட்ரைக்கரின் இறுதித் திசைவேகத்தைச் சுழியம் என்று நீங்கள் வைத்துக்கொண்டிருக்கக் கூடும். நிறைகள் சமமாக இருந்தால் மட்டுமே அது பொருந்தும்.

உங்கள் விடையில் உந்தம், அதாவது நிறை × திசைவேகம், சரியாகவே இருக்கிறது (இருபுறமும் 0.03 கி.கி. மீ/வி), அதனால்தான் பிழை கண்ணில் படவில்லை. இயக்க ஆற்றலைக் கணக்கிட்டுப் பாருங்கள்: மோதலுக்கு முன் 0.03 ஜூல், உங்கள் விடைப்படி பின்னர் 0.09 ஜூல். மும்மடங்கு ஆற்றல் எங்கிருந்து வந்தது? தேர்வறையில் இதைவிடச் சுருக்கமான சோதனை, நெருங்கும் வேகமும் விலகும் வேகமும் சமமா என்று பார்ப்பது: 2 − 0 = 2, 3 − 1 = 2.

ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ளுங்கள். உண்மைப் பலகையில் சிறிது ஆற்றல் ஒலியாகவும் வெப்பமாகவும் போய்விடும். விலகும் வேகம் நெருங்கும் வேகத்தில் 0.8 மடங்கு என்று கொண்டால், காய்க்கு 2.7, ஸ்ட்ரைக்கருக்கு 1.1 மீ/வி என்று வரும். உந்தம் அப்போதும் மாறாது. பக்கவாட்டில் பட்ட அடிக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே திசைவேகத்தை இரு கூறுகளாகப் பிரித்தாக வேண்டும்.